மண்டோரண்ணனின் கட்டைவிரல்

மண்டோரண்ணன் என்றால் அவருடைய வலது கட்டைவிரல்தான் முதலில் ஞாபகம் வருகிறது. எமல்ஷன் தெளித்த ரோட்டில் குந்தி உட்கார்ந்து, அந்த விரலை அழுத்தி எடுத்துப் பார்ப்பார். பழுப்பாக வந்தால், "இன்னும் கோப்பிதான்" என்பார். கறுப்பாகப் பிசுபிசுவென்று இழுத்தால்தான் தாரும் கல்லும் சூடாகக் கலந்த பிரிமிக்ஸைக் கொட்டச் சொல்லி லோரிக்குக் கையசைப்பார். "சீனி போதுமாண்ணே?" என்று அவருக்குக் கீழே ரோட்டு வேலை செய்த ஆட்கள் கிண்டல் செய்வார்கள். "ஒன் வீட்டுக் கோப்பிக்கு இது தேவலாம் லா" என்பார்.

எமல்ஷன் என்பது தண்ணீரில் கலக்கிய தார். தெளிக்கும்போது பழுப்பாக இருக்கும். தண்ணீர் பிரிந்து கறுத்த பிறகுதான் ஒட்டும். சீக்கிரம் பிரிகிற வகை, பழைய தார் ரோட்டின்மேல் புது அடுக்கைப் பிடித்துக்கொள்வதற்கு. மெதுவாகப் பிரிகிற வகை, புது ரோட்டுக்குப் பரப்பிய கல்லுக்குள் ஊறி இறங்குவதற்கு. டிரம்மில் பார்த்தால் இரண்டும் ஒரே பழுப்பு. மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால்தான் தெரியும். படிக்க வேண்டியது சூப்பர்வைசர். அந்தச் சூப்பர்வைசர் நான். நான் படிக்கவில்லை.

பெம்பான் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஒரு வளைவு. அங்கே பழைய ரோட்டின்மேல் தவறான சரக்கைத் தெளிக்க வைத்துவிட்டேன். ஒரு மணி நேரமாகியும் கறுக்கவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று லோரிகளில் பிரிமிக்ஸ் சூடு ஆறிக்கொண்டிருந்தது.

"தம்பி, இது வேற சரக்கு. ஒட்டாது. லோரியத் திருப்பி அனுப்புங்க," என்றார் அண்ணன்.

"மூணு லோரிண்ணே! ஆபீஸ்ல யாரு ஏச்சு வாங்குறது? கொட்டச் சொல்லுங்க."

"லோரிக்குத்தான் அவசரம். ரோட்டுக்கு இல்ல லா."

நானே கையசைத்தேன்.

ஒரு மாதத்துக்குள் அந்த வளைவில் புது அடுக்கு தோல் உரிந்ததுபோல் வழுக்கி நகர்ந்தது. மோட்டார்சைக்கிளில் வந்த ஒரு பெண் விழுந்து கால் முறிந்தாள். ஆபீசில் விசாரித்தார்கள். மண்டோர் காத்திருக்காமல் கொட்டச் சொன்னார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது என்று காரணம் சொல்லலாம். கேவலமான சாக்கு. பயந்தேன், அவ்வளவுதான். அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. சுங்கை ரம்பாய் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கப் போனார். ஒருமுறை வந்து சட்டையைப் பிடித்திருந்தால் இத்தனை வருடம் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

போன மாதம் செத்துப்போனார். சிம்பாங் அம்பாட்டில் அவர் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. நகத்தோரத்தில் கறுப்பு இருக்குமென்று தேடினேன். சுத்தமாகக் கழுவிவிட்டிருந்தார்கள்.

அண்ணி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "தம்பி, நீங்கதானே கூட இருந்தீங்க? நெசமாவே அவசரப்பட்டுட்டாரா? எத்தன தடவ கேட்டாலும் வாயத் தெறக்கல. சாப்பிடுறதுக்கே ஒரு மணி நேரம் எடுக்குற ஆளுய்யா அவரு."

"அழாதீங்கண்ணி," என்றேன். வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.

அண்ணி, அவர் அவசரப்படவில்லை. அந்த ஒரு மணி நேரமும் ரோட்டில் குந்தி, திரும்பத் திரும்ப விரலை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பழுப்புதான். கையசைத்தது நான்.