இரட்டை முள்

மீன் வாடை அடித்தாலே தலை முழுகுகிற வீட்டில் பிறந்தவன் நான். அப்படிப்பட்டவன் திருச்சி ரயில் ஆபீஸில் உட்கார்ந்து வெள்ளைக்காரத் துரைக்குத் தூண்டில் ஈ கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருக்கிறது.

முள்ளின் மேல் கோழியிறகையும் மயில்பீலியையும் பட்டு நூலால் சுற்றி, மீன் ஏமாறுகிற மாதிரி ஒரு ஈயைச் செய்ய வேண்டும். எங்கள் துரைக்கு ஒற்றை முள் ஆகாது. காவிரியின் இழுப்பில் அது புரண்டுபோகிறதாம். ஒரே காம்பில் இரண்டு முனை பிரிகிற இரட்டை முள்ளைச் சீமையிலிருந்து வரவழைத்திருந்தார். கட்டுகிறவன் பாடுதான் திண்டாட்டம். இந்த முனைக்குப் பயந்து விரலை நகர்த்தினால் அந்த முனை குத்தும்.

இது என் தலையில் விழக் காரணம், ஃபைல்களுக்கு நான் போட்ட முடிச்சு. தினம் விடியற்காலையில் பெருமாளுக்குத் துளசி மாலை கட்டிவிட்டு ஆபீஸ் போகிறவன். கை அங்கேயும் அதே முடிச்சைப் போட்டது. துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் இறகுப் பெட்டி என் மேஜைக்கு வந்துவிட்டது.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். ஸ்ரீரங்கத்தை விட்டு நகரமாட்டேன், பெருமாள் திருவடியிலேதான் உயிர் போகணும், ஒரே பிள்ளை நீ பக்கத்தில் இருக்கணும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீஸிலோ யாருக்கு எப்போது மாற்றல் வரும் என்று தெரியாது.

“கட்டிக் குடுத்துட்டே இருங்க. துரை உங்களை வெளியூருக்குத் தள்ளமாட்டார்” என்றார் ஹெட்கிளார்க்.

கட்டினேன். துரை நூலை எச்சில் தொட்டு முறுக்கிக் காட்டினார். எச்சில் பண்ண எனக்கு மனசு வரவில்லை. மாலைக்கு வாழைநாரை ஊறப்போடுவதுபோல நூலைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கட்டினேன். காய்ந்ததும் கட்டு கல்லாக இறுகிவிட்டது. துரை கட்டினது இரண்டு வீச்சில் பிரிந்துவிடும். என்னுடையது மீன் கடித்து இழுத்தாலும் அசையவில்லை. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் காவிரியில் முழுகி, ஈர வேட்டியோடு வீட்டுக்குள் நுழைவேன். விரல் எரியும், கண் எரியும். மாற்றல் வராமல் இருந்தால் சரி என்று படுத்துவிடுவேன்.

மாற்றல் வந்தது, துரைக்கு. மலபார் பக்கம், நல்ல ஆறு இருக்கிற ஊராம். கையோடு என்னையும் கூட்டிப்போக உத்தரவு வாங்கிவிட்டார். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படுத்தபடியே முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“கொஞ்சம் மோசமாக் கட்டத் தெரியலையாடா உனக்கு?”

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அந்தக் கோணிய வாயில் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

வேலையை விட்டால் அவர் மருந்துக்கே வழியில்லை. மனைவியை அவருக்குத் துணையாக விட்டுவிட்டுப் போனேன். மழைக்காலத்தில் தந்தி வந்தது. நான் வந்து சேர்வதற்குள் சித்தப்பா பிள்ளை கொள்ளி வைத்து முடித்திருந்தான். பெருமாள் திருவடியில் போகணும் என்ற ஆசை மட்டும் அப்பாவுக்குப் பலித்தது.

காரியங்கள் முடிந்து மலபாருக்குத் திரும்பிப் போனபோது, தந்தி வந்த அன்று பாதியில் விட்ட ஈ மேஜையில் அப்படியே கிடந்தது. அப்பா கேட்டது ஞாபகம் இருந்தது. நூலை ஊறப்போட்டு, இறுக்கமாகத்தான் கட்டினேன். வேறு மாதிரி கட்ட என் கைக்கு வரவில்லை.