நகர்த்தி வைத்த டம்ளர்

அந்தப் பெரிய ரேடியோ தொலைநோக்கியின் தட்டு ஒரு விளையாட்டு மைதானத்தையே மூடிவிடும். ஆனால் பார்க்கச் சொன்ன இடத்தைப் பார்க்காது. மயிரிழை இடப்பக்கம் தள்ளித்தான் நிற்கும். எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்து, அதே அளவைக் கணினியில் வலப்பக்கம் சேர்ப்பது அங்கிருந்த ஒருவரின் வேலை. ஆபீசில் அவர் பெயரே 'திருத்தம்' என்றாகிவிட்டது. விலகல் மாதாமாதம் கூடியது. மனுஷர் சளைக்கவில்லை, திருத்தத்தையும் கூட்டிக்கொண்டே போனார். தட்டு குறி தப்பவேயில்லை. மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் அவர் மனைவி தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்ற ஆரம்பித்தாள். அவர் டம்ளரை நகர்த்தி வைப்பார்.

"கண்ணாடிய மாத்தணும்ங்க."

"எதுக்கு? அதான் திருத்தம் நான் இருக்கேனே!"

இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நடக்கையில் அலமாரியில் இடித்துக்கொண்டாள், அலமாரியையும் நகர்த்தினார். வேலையில் கெட்டி, வீட்டில் மக்கு என்று அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு இடத்திலும் அவர் ஒரே ஆள்தான்.

ஒருநாள் காலையில் தட்டு பெருஞ்சத்தத்தோடு நின்றுபோயிற்று. அடியில் திறந்து பார்த்தார்கள். பாரம் தாங்கும் பேரிங் ஒருபக்கமாகத் தேய்ந்து வெடித்திருந்தது.

"கூடிக்கிட்டே போகுதே, ஏன்னு பாக்கலையா சார்?" என்று கேட்டாள் பராமரிப்பு இன்ஜினியர்.

"குறி சரியாத்தானேம்மா இருந்துச்சு?"

"நீங்க சரி பண்ணாம விட்டிருந்தா போன வருஷமே தெரிஞ்சிருக்கும்."

அவர் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே வீட்டுக்கு ஓடினார். மேசை முன் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவள் ஜக்கைச் சாய்த்தாள். இந்தத் தடவை அவர் டம்ளரைத் தொடவில்லை. தண்ணீர் மேசையில் ஓடி அவர் மடியில் கொட்டியது. அவள் ஊற்றிக்கொண்டே, "போதுமா?" என்று கேட்டாள்.

மூளையில் கட்டி.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா எடுத்திருக்கலாம். இவ்வளவு நாளா வீட்டுல யாருமே கவனிக்கலையா?" என்றார் டாக்டர்.

கவனிக்காமலா? அவரைப் போல் கவனித்தவர் யார் இருக்கிறார்கள்?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள், "அழாதீங்க" என்று அவர் கன்னத்தைத் துடைக்கக் கையை நீட்டினாள். கை காதைத் தாண்டி வெறும் காற்றைத் துடைத்தது. இனித் திருத்த ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் முகத்தை நகர்த்தி அந்தக் கைக்குள் வைத்துக்கொண்டார்.