தம்பித்துரை ஓடிய திசை

பேர்லினில் விமான நிலையத்தை ஒட்டிய நொய்கெல்ன்காரருக்கு விமானம் என்பது கூரைக்கு மேலால் போகும் பஸ் மாதிரி. தம்பித்துரைக்கு அப்படியில்லை. தரையிறங்கும் விமானம் உறுமினால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்துவிடுவார். யாழ்ப்பாணத்தில் குண்டு போடும் பொம்மருக்குப் பழகிய உடம்பு. வேலை பார்க்கும் உணவகத்தில் அவர் உடைத்த கோப்பைகளுக்குக் கணக்கில்லை. கோப்பை போனால் போகட்டும். மகள் சுஜானிக்கு ஐந்து மாதமாகிறது; விழுத்திவிடுவேனோ என்ற பயத்தில் ஒருநாளும் அவளைத் தூக்கியதில்லை.

தொண்ணூற்றாறில் ஒரு போர்ப்படத்துக்கு ஆள் தேடினார்கள். கூட வேலைசெய்யும், யார் குரலிலும் பேசிக்காட்டும் சில்வெஸ்டர் அவரையும் இழுத்துக்கொண்டு போனான். பரசூட்டில் குதித்துச் சிதறிய படையினர் இருட்டில் ஒன்றுசேரும் காட்சி. எல்லார் முகத்திலும் கரி பூசினார்கள்.

"எங்கள் ரெண்டு பேராலயும் அவைக்குக் கரி மிச்சம் அண்ணை!" என்றான் சில்வெஸ்டர்.

விமானம் தாழப் பறந்தது. மரத்தடியில் ஒருவன் ஒன்றுசேரும் சைகையாகத் தகரச் சொடுக்கியை 'டக் டக்' என்று அடித்தான். சத்தம் வந்த பக்கம் எல்லாரும் ஓடினார்கள். தம்பித்துரை மட்டும் எதிர்ப்பக்கம் ஓடி வாய்க்காலுக்குள் படுத்தார்.

சில்வெஸ்டர் இயக்குநர் அம்மாவின் மூக்குக் குரலில் பேசிக்காட்டிக்கொண்டு வந்தான். "'மைன் ஹேர், ஐயா, போர் இந்தப் பக்கம்!' ஏன் அண்ணை அங்கால ஓடினீங்கள்?"

"பொம்மர் வரேக்கை கூடி நிக்கலாமோடா? கூட்டத்திலதானே போடுவான்."

"இது படத்துக்கு வந்த பிளேன் அண்ணை."

"எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியேல்லையே."

இரண்டாம் முறையும் வாய்க்கால்தான்.

மூன்றாம் முறை விமானம் தலைக்கு நேரே வந்தது. முழங்கால் மடிந்தது. அப்போது மரத்தடியிலிருந்து மனைவி குணேஸ்வரியின் குரல் கேட்டது. "இஞ்சாருங்கோ! பிள்ளை விழப்போறாள், பிடியுங்கோ!"

தம்பித்துரை இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு பாய்ந்தார். மரத்தடியில் சில்வெஸ்டர் பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"டேய் நாயே! உன்ரை வேலையோ?"

"படத்துக்குச் சத்தம் பிறகுதான் சேர்ப்பினம் அண்ணை, நான் கத்தினது கேளாது. வடிவா ஓடினீங்கள்."

"பிளேன் எங்கையடா?"

"நீங்கள் ஓடி வரேக்கை மேலால போயிட்டுது."

தம்பித்துரை வானத்தைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார்.

காலையில் வீட்டுக்குள் வந்ததும் முகத்தைக் கழுவிவிட்டுக் கையை நீட்டினார். "பிள்ளையைத் தாரும்."

"பிளேன் வாற நேரமப்பா," என்றாள் குணேஸ்வரி.

"தெரியும். பக்கத்தில நில்லும். நான் குனிஞ்சால் நீர் 'பிள்ளை' எண்டு கத்தும்."

அவள் கொடுத்தாள், தன் கைகளையும் கீழே ஏந்திக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தம்பித்துரை கண்ணை இறுக்கி மூடினார். முழங்கால் மடியவில்லை. சுஜானி அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

"போயிட்டுதப்பா. இனித் தாங்கோ."

"பொறும்," என்றார் அவர். "அடுத்ததும் வரட்டும்."