பதின்மூன்று வருஷம் தள்ளிப்போன வாய்தா

போன வருஷம் ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. விருதுநகரில் கோர்ட் வாசலில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். மாலையில் வீட்டுக்குப் போவேனா, ஜெயிலுக்குப் போவேனா என்று எனக்கே தெரியாது. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கோர்ட்டுக்கு வராமல் ஓடிப்போனவள் நான்.

எங்கள் ஊர் ஆனைக்குட்டம் பக்கம். சீசன் நேரத்தில் பட்டாசுக் கம்பெனியில் முடியாத வெடியைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து திரி சொருகிக் கொடுப்போம். சட்டப்படி தப்பு, உயிருக்கும் ஆபத்து. தெரிந்தேதான் அடுப்படிக்கு அடுத்த அறையில் சாக்கை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். அவ்வளவு புத்திசாலிகள்! ஒருநாள் போலீஸ் வந்தது. தெருவில் நாலு பெண்கள் மேல் கேஸ், அதில் நானும் ஒருத்தி.

எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அண்ணன். இன்னொருவர் தெருக்கோடியில் இருந்த நர்ஸ். சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். என் மகள் பிறந்தபோது எனக்குப் பிரசவம் பார்த்தவர், அந்தப் பழக்கம்தான். வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு அவராகவே வந்தார்.

நாலு வாய்தாவுக்கு ஒழுங்காகப் போனேன். அதற்குள் தெருவில் ஒருவர், "மூணு வருசம் உறுதி. பிள்ளைய யாரு பாக்கப் போறா?" என்று கிளப்பிவிட்டார். மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளைத் தூக்கிக்கொண்டு புருஷனோடு திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே பனியன் கம்பெனி வேலை. தெருவில் காக்கிச் சட்டையைப் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். அம்மா இறந்தபோதுகூடப் போகவில்லை. துக்க வீட்டுக்குப் போலீஸ் வந்துவிடுமோ என்று பயம். மகளும் அவள் அப்பாவும் போய்வந்தார்கள். நான் மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே அழுதேன். அதற்குப் பிறகு பயப்படக்கூடத் தெம்பில்லை. வருவது வரட்டும் என்று ஒரு வக்கீலைப் பார்த்தேன்.

அவர் கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, மத்த மூணு பேருக்கும் நீங்க போன எட்டாம் மாசமே விடுதலை ஆயிருச்சு. உங்க கேஸ மட்டும் தனியாப் பிரிச்சு வச்சிருக்காங்க."

எனக்கு அழுகைகூட வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நீதிபதி, "ஏம்மா வரல?" என்றார். "பயந்துட்டேங்கய்யா" என்றேன். வேறென்ன சொல்ல? புதிதாக இரண்டு பேர் ஜாமீன் கொடுத்தால் என் மேல் இருந்த வாரண்டை ரத்து செய்வதாகச் சொன்னார். அண்ணன் இருந்தார். வருவதாகச் சொன்ன இன்னொருவர் போனையே அணைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் ஆள் வராவிட்டால் உள்ளே போக வேண்டியதுதான் என்றார் வக்கீல். அண்ணன் தயங்கித் தயங்கி, "சிஸ்டரைக் கேட்டுப் பாக்கவா?" என்றார். நான் ஓடியபின் நோட்டீஸ் அவருக்கும் போனதாம். ஆறு தடவை கோர்ட் ஏறிப் பதில் சொன்னாராம். எனக்கு அப்போதுதான் தெரியும். "எந்த முகத்தோட கேக்கண்ணே? வேண்டாம்" என்றேன். அண்ணன் கேட்கவில்லை. போன் செய்துவிட்டார்.

மூன்று மணிக்கு சிஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். எழுபதைத் தாண்டிவிட்டது, காலை இழுத்து இழுத்து நடந்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

"மன்னிச்சிருங்க சிஸ்டர். உங்களுக்கு ரொம்பச் சங்கடத்தக் கொடுத்துட்டேன்" என்றேன்.

"அன்னைக்கு இங்கன நின்னு, அவ வந்துருவா ஐயான்னு சொன்னேன். வந்துட்டேல்ல? கொஞ்சம் லேட்டு, அம்புட்டுதான்" என்றார். பிறகு, "காலைல இருந்து ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அங்கேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

ஐந்து மாதத்தில் எனக்கும் விடுதலை கிடைத்தது. சந்தோஷத்தைவிட அலுப்புதான் அதிகம். கேஸுக்குப் பயந்து ஓடினேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை நம்பிய ஒரு மனுஷியைக் கோர்ட்டில் தனியாக நிற்க வைத்துவிட்டு ஓடினேன் என்பது, விடுதலையான பிறகும் தினம் ஒரு தடவையாவது உறைக்கிறது.