ஜூனோடு முடிந்த வருஷம்

போன வாரம் சிவகாசியில், அண்ணனுடைய காலண்டர் பிரஸ்ஸில், ஒரு வருஷம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. முடித்துவைத்தவர் என் மனைவி.

கதை இதுதான். ஆமத்தூர் மிட்டாய்க்கடை முதலாளிக்கு அண்ணன் அடித்துக்கொடுத்த தினசரி காலண்டரில் போன வருஷம் ஒரு பிசகு. ஒரே ஒரு காலண்டரில் ஆகஸ்ட் மாதமே இல்லை. அது போய்ச் சேர்ந்தது எங்கே? அவருடைய சம்பந்தி வீட்டுக்கு. மகளுக்குக் கல்யாணம் எந்த மாதம்? ஆகஸ்ட்!

"இந்தத் தடவை நேர்ல வந்து பாத்துட்டுத்தான் ஆர்டர்" என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்தும் என் மனைவி ஒரு ட்ரேயோடு வந்தார். அடியில் ஸ்விட்ச், பக்கத்தில் லினக்ஸ் ஓடும் குட்டி கம்ப்யூட்டர் போர்டு. மாதக் கட்டுகளை ஒவ்வொன்றாக ட்ரேயில் வைத்துவிட்டு அடுக்கில் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு சேர்ந்தால் மணி அடிக்கும். பிறகுதான் தைக்கலாம்.

"அமுங்கிச்சா, அமுங்கிச்சான்னு போர்டு கேட்டுக்கிட்டே இருக்காது அத்தான். ஸ்விட்ச் அமுங்குனதும் அதுவே குறுக்கிட்டுச் சொல்லிரும். இதுக்குப் பேர் இன்ட்டரப்ட்" என்று அண்ணனிடம் சொன்னார். குறுக்கிடுவதில் அவருக்குள்ள தேர்ச்சி எனக்குத் தெரியாதா என்ன...

மார்ச் கட்டை வைத்ததும் மணி. ஸ்விட்ச் அமுங்கும்போது உள்ளே தகடு துள்ளுமாம் — ஒன்று பலவாகத் தெரியுமாம். துள்ளி அடங்கும்வரை எண்ணாதே என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்தார். இப்போது ஜூனில் மணி.

"ஏம்மா, அரை வருஷத்தோட நிப்பாட்டிட்டியே, அவுக வார நேரமாச்சு" என்று அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி போர்டை விட்டுவிட்டு, கட்டு அடுக்கும் பேச்சியம்மாவின் கையைப் பார்த்தார். வைக்கிறார்... எடுக்கிறார்... ஓரத்தைத் தட்டி நேராக்கி, மறுபடி வைக்கிறார்.

"ஏ பேச்சி, தட்டாம வையி" என்றார் அண்ணன்.

"கோணலா இருந்தா மனசு கேக்காதுண்ணே."

சிவகாசிக் கையை மாற்ற முடியுமா? புரோகிராமைத்தான் மாற்றினார். ஒன்றை எண்ணியதும், பேச்சியம்மா தட்டி வைக்கும்வரை போர்டு காதைப் பொத்திக்கொள்ளும். அவ்வளவுதான் — டிசம்பரில் மணி அடித்தது. எல்லாச் சத்தத்துக்கும் காது கொடுத்தால் மிஷினுக்கும் புத்தி பிசகிவிடும் போல.

முதலாளி வந்தார். தைத்த காலண்டரை எடுத்து, ஜனவரியைக்கூடப் பார்க்காமல் ஆகஸ்டுக்குப் போனார். ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். அண்ணன் எட்டிப் பார்த்துக் கூடவே எண்ணினார்.

"எல்லாம் இருக்குல்ல அண்ணாச்சி?"

"இருக்கு, இருக்கு. ஆர்டரை எழுதிக்கோங்க. மகளுக்கு வார மாசம் பிரசவம். அடுத்த வருஷம் பிள்ளைக்கு மொதப் பிறந்தநாள் இதுலதான வரணும்?"

அண்ணன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மகிழ்ச்சியாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன் — மனைவி குறுக்கிட்டார்.