மூன்று தளங்கள் சொன்ன ஒரே பதில்

வெதுருகுப்பத்தில் எங்கள் தக்காளிச் செடிகளின் இலைகள் சுருள ஆரம்பித்ததும், திருப்பதியில் நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு நைனா, என் அப்பா, சில இலைகளை பஸ்ஸில் கொண்டுவந்தார். அதிலிருந்த வைரஸின் மரபணு வரிசை கிடைத்துவிட்டது. அதற்குப் பெயர் கண்டுபிடிக்க, பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். உலகத்தின் மூன்று பெரிய தரவுத்தளங்களிலிருந்து அதே போன்ற வரிசைகளை ஒரே ஓட்டத்தில் எடுத்துவந்தது. மூன்றிலும் ஒரே கொடிய வைரஸின் பெயர்.

நைனா போனில் வந்தார். “செடியெல்லாம் புடுங்கிடலாமா, சொல்லும்மா. ஆளுங்க காத்துகினு கீறாங்க.”

“மூணு இடத்துலயும் ஒண்ணேதான் சொல்லுது நைனா” என்று ஆரம்பித்தேன். பக்கத்து மேசையில் இருந்த சீனியர், நகரிக்கார அக்கா, என் திரையை எட்டிப் பார்த்தார்.

“இரு. அதைப் போட்டது யாருன்னு பாத்தியா?”

பார்த்தேன். மூன்றிலும் அக்காவின் பெயர். ஒரு தளத்தில் போட்டதை மற்ற இரண்டும் அப்படியே எடுத்துவைத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த விஷயம்தான், யோசிக்கவில்லை.

“வேற வைரஸுக்கு அந்தப் பேரை வெச்சிட்டேன். தெரிஞ்சப்புறமும் திருத்தச் சொல்லி எழுதாம உட்டுட்டேன்” என்றார் அக்கா. என் கையிலிருந்து போனை வாங்கி, “செடியைத் தொடாதீங்க நைனா” என்றார். அங்கேயே உட்கார்ந்து, தான் முதலில் போட்ட தளத்துக்குத் திருத்தம் எழுதினார்.

எங்கள் தோட்டத்தில் இருந்தது செடி தாங்கக்கூடிய வைரஸ்தான். தக்காளி சந்தைக்குப் போனது.

இன்றும் நான் தயங்காமல்தான் முடிவு சொல்கிறேன். ஆனால் என் நிரல் இப்போது வரிசையோடு அதைப் போட்டவரின் பெயரையும் கொண்டுவரும். மூன்று பதில் வந்தால், எத்தனை பேர் சொன்னது என்று முதலில் பார்ப்பேன்.