கண்ணில் ஒற்றிய பந்து

தல்லாகுளம் மைதானத்தில் பேஸ்பால் ஆட்டம் என்றால் நடுவர் வேலை என் தலையில்தான் விழும். திருநகரிலிருந்து ஸ்கூட்டரில் போய் இறங்குவதற்குள் பாதி உயிர் போய்விடும். பி.டி. மாஸ்டராக இருந்தோமா, விசில் ஊதினோமா என்றில்லாமல் விதிப்புத்தகத்தையும் படித்துத் தொலைத்தேன். அதற்கான தண்டனை.

விதிகளில் யார் மண்டையிலும் ஏறாதது பால்க். பந்து வீசும் பிட்சர் மேட்டிலுள்ள வெள்ளைப் பட்டையில் கால் வைத்து, இரண்டு கையையும் சேர்த்து அசையாமல் நின்றுவிட்டால், அப்புறம் வீச வேண்டும். அல்லது ஓடுபவர்கள் நின்று நின்று கடக்கும் முனையான பேஸில் நிற்பவரை அவுட்டாக்க எறிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பட்டையை விட்டுப் பின்னால் இறங்க வேண்டும். சும்மா கையைப் பிரித்தால், ஓடக் காத்திருப்பவரை ஏமாற்றியதாகக் கணக்கு. பேஸில் நிற்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு பேஸ் இனாம்.

அன்று மகளிர் கல்லூரிகளின் இறுதி ஆட்டம். கோச்சடைப் பெண் ஒருத்தி வீசினாள். கடைசி வருடப் படிப்பு; கல்லூரிக்காக அவள் ஆடும் கடைசி ஆட்டம். ஜெயிக்கிற அணியிலிருந்துதான் மாநில அணிக்கு ஆள் எடுப்பார்கள். அதை வைத்து ஒரு வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். ஒவ்வொரு முறையும் பந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பட்டையில் ஏறுவாள். அதில் தப்பில்லை.

கடைசி இன்னிங்ஸ். இரு அணிக்கும் சம ரன். இவள் அணி அடித்து முடித்துவிட்டது, இனி எதிரணி அடிக்கிற முறை. அவர்களில் ஒருத்தி மூன்றாவது பேஸில் நிற்கிறாள்; இன்னும் ஒரு பேஸ் வந்தால் ரன். பதற்றத்தில் இவள் ஒற்றாமலே ஏறிவிட்டாள். கையைச் சேர்த்து நின்ற பிறகு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையைப் பிரித்துப் பந்தைக் கண்ணில் ஒற்றினாள்.

யோசிப்பதற்குள் என் வாய் சொல்லிவிட்டது: "பால்க்."

மூன்றாவது பேஸில் நின்றவள் நடந்தே வந்து ரன் எடுத்தாள். ஆட்டம் முடிந்தது.

"ஏண்ணே, சாமி கும்பிட்டது ஒரு குத்தமாண்ணே?" என்று அவளுடைய பயிற்சியாளர் மல்லுக்கட்டினார்.

"ரூல் அப்படித்தாண்ணே." என்றேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. கூட்டம் கலைந்த பின் என் ஸ்கூட்டர் பக்கம் வந்தாள்.

"எது சார் தப்பு?"

கையைச் சேர்த்து, பிரித்து, நின்று காட்டினேன்.

"காலைப் பின்னால எடுத்துட்டு ஒத்தியிருந்தா?"

"தப்பே இல்லம்மா."

"இம்புட்டுதானா? சரி சார். அடுத்த மேட்ச்ல ஏறுறதுக்கு முன்னாடியே கும்பிட்டுக்கிறேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஹெல்மெட்டை மாட்டினேன். அந்தப் புத்தகத்தைப் படிக்காமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் நிஜமாகவே நினைத்தேன்.